இரண்டு பிட்டிகளும் ஒரு கிணறும்

எருக்கலம்பிட்டியில் எங்கள் வளவுக் கிணற்றின் உட்சுவரில் ஏழு கீறல்கள் இருந்தன. முருகைக்கல்லில் மூத்தவாப்பா உளியால் வெட்டியவை. ஒவ்வொரு கீறலும் ஒரு மாரி முடிந்த கையோடு நீர் நின்ற மட்டம். அவர் குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத வராது. காணி உறுதிகளில் பெருவிரல் அடையாளம்தான் வைத்திருக்கிறார். அந்த வகையில் பார்த்தால், என் குடும்பத்தில் எனக்கு மூன்றாம் தலைமுறையில் எவரும் எழுதி வைத்துவிட்டுப் போனது இந்த ஏழு கோடுகளை மட்டும்தான். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. 'இந்தச் சாணுக்காகவா இவ்வளவு மெனக்கெட்டார்?' என்று சிறு வயதில் நினைத்திருக்கிறேன். அந்தச் சாணின் பெறுமதி எனக்கு விளங்கியது நாற்பது வயதை நெருங்கிய பிறகுதான். இக்கட்டுரை அதைப் பற்றியது.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் மணல். அதில் ஆறு இல்லை, மலை இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை கொட்டி முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் சோளகம் மணலை வாரி வீசும். சுற்றிலும் உப்புக்கடல். ஆனாலும் இங்கே பல நூற்றாண்டுகளாகச் சனம் குடியிருந்திருக்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கப்பல்கள் வந்தன, சங்கு குளித்தார்கள், மணலில் சாயவேர் கிண்டினார்கள். இவ்வளவு பேரும் எதைக் குடித்தார்கள்?

மணலுக்குள் இருந்ததைத்தான் குடித்தார்கள். மணலில் விழும் மழை ஓடுவதில்லை, கீழே இறங்கும். இறங்கிய நன்னீர் ஏற்கனவே அங்கே ஊறி நிற்கும் கடல்நீரைச் சந்திக்கிறது. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால் ஒரு லீற்றர் கடல்நீர் 1025 கிராம். பாரம் குறைந்த நன்னீர் மேலே மிதக்கும். மணற்பருக்கைகளுக்கிடையே அசைவு மிக மெதுவாக இருப்பதால் இரண்டும் சட்டெனக் கலந்துவிடுவதுமில்லை. தீவின் நடுவில் தடித்தும் கரைகளில் மெலிந்தும், மூக்குக் கண்ணாடி வில்லையைப் போல ஒரு நன்னீர்ப் படலம் உண்டாகிறது. அது தேங்கி நிற்கும் குளமல்ல. நடுவிலிருந்து இரு கரைகளையும் நோக்கி ஓயாமல் நகர்ந்து கடலில் கசிந்து கொண்டிருக்கும் நீர். வற்றுக் காலத்தில் கரையோரம் மணலைக் கையால் தோண்டினால் வாயில் வைக்கக்கூடிய நீர் ஊறுவதை எங்கள் கடற்றொழிலாளர் அறிவார்கள். ஒவ்வொரு மாரியும் கசிந்துபோனதை ஈடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வில்லை மெலியும்.

இதன் கணக்கைச் சொன்னவர்கள் இருவர். ஒருவர் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர் படோன் கைபன். 1880களின் இறுதியில் அம்ஸ்ரடாம் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி எழுதினார். மற்றவர் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க். வடகடல் தீவுகளில் கிணறு தோண்டிய அனுபவத்தைக் கொண்டு 1901இல் அதே முடிவுக்கு வந்தார். கணக்கு எளிமையானது. 41 அடி நன்னீரின் பாரமும் 40 அடி கடல்நீரின் பாரமும் சமம். ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதைத் தாங்கிக்கொண்டு கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி நன்னீர் நிற்கும். கிணற்றில் மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நீடித்தால், அடியிலிருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறி வரும். நடைமுறையில் இரண்டு நீருக்கும் இடையில் கத்தியால் வெட்டியது போன்ற எல்லை இருக்காது. கலங்கல் வலயம் ஒன்று இருக்கும், அதனால் உப்பு நாம் கணக்கிட்டதைவிட முந்தியே நாக்கில் தட்டுப்படும். மூத்தவாப்பாவின் ஒரு சாண் என்பது முக்கால் அடி. அப்படியானால் அவர் கோடு கீறி அளந்தது முப்பது அடி நீரை.

ஒல்லாந்தர் மன்னாரை 1658 முதல் 1795 வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய சொந்த நாடும் கடலோர மணல்மேட்டு நாடுதான். 1853 முதல் அம்ஸ்ரடாம் நகரம் அத்தகைய மணல்மேடுகளின் நீரைக் குடித்து வந்தது. அளவுக்கு மீறி இறைத்ததால் உப்பு ஏறியது. 1957இலிருந்து றைன் நதி நீரைக் கொண்டுவந்து அந்த மணலுக்குள் இறக்கித் தங்கள் வில்லையைக் காப்பாற்றி வருகிறார்கள். மன்னாரில் இருந்த ஒல்லாந்து அதிகாரிக்கு முத்தும் சாயவேரும் கணக்கு. காலுக்குக் கீழே தன் ஊர் நீரின் தம்பி கிடப்பதை அவர் கவனித்திருக்க நியாயமில்லை. அந்தக் கணக்கு எழுதப்பட்டபோது அவர்கள் இங்கிருந்து போய் ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது. மறைந்திருக்கும் நீரைப் பற்றி எழுதுவது அதற்கும் எத்தனையோ காலம் முந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகக் கணித அறிஞர் அல் கரஜி, மறைந்த நீரை வெளிக்கொணர்வது பற்றி அரபியில் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

எழுதாதவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு எங்கள் ஊர்ப்பெயர்களே சாட்சி. 'பிட்டி' என்றால் மேட்டு நிலம். எருக்கலை முளைத்த மணல்மேடு எருக்கலம்பிட்டி. மேட்டின் கீழேதான் வில்லை தடித்திருக்கும். குடியிருப்பு அங்கே வந்தது. தாழ்ந்த நிலத்துக்குத் தாழ்வுபாடு என்று பெயர். மன்னார்ப் பட்டினத்துக்குள் உப்புக்குளம். இப்படி வாசிப்பது என் வாசிப்புத்தான், சொல்லாராய்ச்சிக்காரர் சண்டைக்கு வரலாம். ஆனால் இந்தப் பெயர்களைத் தீவின் படத்தில் குறித்துக்கொண்டு நல்ல கிணறுகளையும் கூடவே குறித்துப் பாருங்கள்.

கிணறுகூட எல்லா இடத்திலும் தேவைப்படவில்லை. பூவல் போதும். மணலில் இரண்டு முழம், மூன்று முழம் தோண்டி, ஊறுவதைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் நிரப்புவது. வள்ளுவர் கல்விக்கு மணற்கேணியை உவமை சொன்னார்; தோண்டத் தோண்ட ஊறும் என்றார். அவர் பார்த்தது ஆற்று மணலாக இருக்க வேண்டும். எங்கள் தீவு மணலில் தோண்டத் தோண்ட உப்பு வரும். ஆழம் போகாதிருப்பதுதான் இங்கே வித்தை. உம்மும்மா விடியலில் பட்டையால் அள்ளுவார். பகலில் கிணற்றை 'உறங்க விட' வேண்டும் என்பார். பாய்க்குச் சாயம் போட்ட ஓலையைக் கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றினால் பேத்திகளுக்கு அடி விழும். பனையைத் தறிக்க வாப்பா கேட்டபோது மூத்தவாப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தாராம். பனையின் வேர் மணல்மேட்டைப் பிடித்திருக்கிறது. மேடு மழைநீரைப் பிடித்திருக்கிறது. அந்த நீரில் பனை நிற்கிறது. இதில் எது எதை உண்டாக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணல், நீர் இருந்ததால்தான் தரையாகத் தரித்தது என்று நான் நினைக்கிறேன்.

பெருநிலப்பரப்பில் கதை வேறு. அங்கே மாந்தை, திருக்கேதீச்சரம், முருங்கன், சிலாவத்துறை என்று நீளும் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மயோசீன் காலத்தில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த கடலில் சிப்பியும் முருகையும் படிந்து இறுகிய கல். யாழ்ப்பாணத்தில் அது தரைக்கு மிக அருகில் கிடப்பதால் மழைநீர் அதைக் கரைத்துப் பொந்துகளும் குகைகளுமாக்கிவிட்டது; நிலாவரையும் கீரிமலையும் அப்படி வந்தவை. முருங்கன் பக்கம் அந்தக் கல்லின் மேல் களி படிந்திருக்கிறது. கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடித்து, மாரியில் காலை விடாமல் பிடிக்கும் கருங்களி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் இந்தக் களி அங்கே போனது. களி நீரை எளிதில் விடாது. ஆகவே கிழக்கே உயர்ந்த பக்கத்தில் கல்லுக்குள் நுழையும் மழை, களிக்கு அடியில் சிறைப்பட்டு அழுத்தத்தோடு நகர்கிறது. குழாயை இறக்கிக் களியைத் துளைத்தால் நீர் தானே மேலே ஏறி வரும். மன்னார்ப் பட்டினத்துக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் குழாயில் வருவது இந்த முருங்கன் நீர்தான். இன்னும் தெற்கே, கொண்டச்சிப் பக்கம், மண் சிவப்பு. நீர் ஊடுருவிக் கரையக்கூடியதையெல்லாம் கொண்டுபோன பிறகு எஞ்சிய இரும்பின் நிறம் அது. அந்தச் செம்மண்ணில்தான் மரமுந்திரிகைத் தோட்டம் வந்தது.

களி நிலத்துக்காரர் தரைக்கீழ் நீரை நம்பியிருக்க முடியாது. குழாய்க்கிணறு அந்தக் காலத்தில் இல்லை. அவர்கள் மேலே தேக்கினார்கள். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து வாய்க்காலில் திருப்பிக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பியது அதற்காகத்தான். 5ஆம் நூற்றாண்டின் தாதுசேனன் கட்டியதாகப் பொதுவாகச் சொல்லப்படும் இக்குளத்தைப் பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனரமைத்தார்கள். 2016இலும் அதற்குப் பின்னரும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் குழுவினர் கட்டுக்கரையில் நடத்திய அகழ்வாய்வு, அங்கே மக்கள் குடியிருப்பு மிகப் பழையது என்று காட்டியிருக்கிறது. மாந்தைத் துறைமுகத்துக்கு மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கப்பல்கள் வந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கப்பலுக்கு நீர் ஏற்றாமல் துறைமுகம் நடக்காது என்பதைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

முத்துக்குளிப்பும் அப்படித்தான். 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் முத்துகளைக் கண்டு எழுதிய காலம் தொடக்கம், இந்தக் கரையைப் பற்றிய எழுத்தெல்லாம் சிப்பியைப் பற்றியது. குளிப்பு நடக்கும் சில வாரங்களுக்கு வெறும் மணலில் பல்லாயிரம் பேருக்கு ஒரு பட்டினம் எழும். குளிப்பு வைக்கும் காலமோ கோடை பிறக்கும் பெப்ரவரி, மார்ச். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் மாளிகை கட்டிய அரிப்பு, அருவியாற்று முகத்துக்கு அருகில் உள்ளது. 1906இல் இளம் அதிகாரியாக லெனாட் வூல்ஃப் வேலை பார்த்த மறிச்சுக்கட்டி முகாம், மோதரகம் ஆற்றுப் பக்கம். இரண்டும் ஆற்றோரமாக அமைந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கோடையில் ஆறு மேலே வற்றினாலும் மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; ஊற்றுத் தோண்டினால் கிடைக்கும். முத்துக்கு எந்தப் பார் என்று கணக்கெடுத்தவர்கள், முகாமுக்கு எந்த ஊற்று என்றும் கணக்கெடுத்திருப்பார்கள். நோர்த்தின் மாளிகை இன்று சிதைந்த தூண்களாகக் கடலோரத்தில் நிற்கிறது. கரை அரித்துக்கொண்டே வருகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி இத்தகைய பக்கங்களில் எத்தனையோ கவிதைகளும் கதைகளும் வந்துவிட்டன. நான் நீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு 12 வயது. உம்மா மண்ணெண்ணெய்க் கலனைச் சாம்பல் போட்டுக் கழுவி எங்கள் கிணற்று நீரை நிரப்பினார். நகையைக் கொண்டுபோக முடியாது என்றார்கள். நீரைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. வள்ளத்தில் அந்த நீரில் மண்ணெண்ணெய் மணத்தது. சின்னத்தங்கச்சி குடிக்க மாட்டேன் என்று அழுதாள். இறங்கிய இடத்தின் பெயர் கற்பிட்டி.

ஒரு பிட்டியிலிருந்து இன்னொரு பிட்டிக்கு. அது வெறும் பெயர்ப் பொருத்தமில்லை. இலங்கையின் தரைக்கீழ் நீரை வகைபிரிப்பவர்கள் கற்பிட்டிக் குடாநாட்டையும் மன்னார்த் தீவையும் கரையோர மணல் நீர்ப்படுகை என்று ஒரே வகையில்தான் சேர்க்கிறார்கள். அங்கும் அதே மணல், அதே வில்லை. வாப்பா வந்த மூன்றாம் நாளே, எவரிடமும் கேட்காமல், தென்னந்தோப்பின் ஓரம் மேடு பார்த்துப் பூவல் தோண்டிவிட்டார். நீர் நன்றாகவே இருந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து பார்த்து, "காக்கா, நீங்க நம்ம மண்ணுக்காரர்தான்" என்றார். வாப்பா அன்றைக்குத்தான் அழுதார் என்று உம்மா பின்னாளில் சொன்னார்.

ஆனால் வில்லைக்கு ஆளைத் தெரியாது, அளவைத்தான் தெரியும். ஓலைக் கொட்டில்கள் நெருக்க நெருக்கமாய் எழுந்தன. கிணறுகளுக்குப் பத்தடி தள்ளி மலகூடக் குழிகள் வெட்டப்பட்டன. மணல் எதையும் தடுக்காது. மேலே விட்டது கீழே போகும். முதலாம் ஆண்டே முகாமில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எங்களை வரவேற்றுச் சோறு தந்த சனத்துக்கும் எங்களுக்கும் முதல் மனக்கசப்பு வந்தது கிணற்றடியில்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுடைய வில்லையை நாங்கள் பங்கு போட்டோம். அந்தக் குடாநாடு ஏற்கனவே மிளகாயும் வெங்காயமும் விளையும் தோட்ட நிலம். பசளை இறங்கிய கிணறுகளில், குடிநீருக்கு எல்லையாகச் சொல்லப்படும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கும் கூடுதலாக இருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நைத்திரேற்றுக்கு மணமில்லை, சுவையுமில்லை. பால்மா கரைத்துக் கொடுக்கும் தாய்க்கு அது தெரிய வழியில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2011இல் வாப்பாவும் நானும் எருக்கலம்பிட்டிக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் உடைமுள் பற்றை. கிணற்றில் பாதிக்கு மணல். இரண்டு பையன்களைப் பிடித்து மூன்று நாள் தூர்வாரினோம். கீறல்கள் ஏழும் அப்படியே இருந்தன. இறைத்துக் கொட்டி, ஒரு வாரம் ஆறவிட்டு, வாப்பா முதல் கையை அள்ளிக் குடித்தார். இனிப்பு. நாங்கள் விட்டுப்போன நீரைவிட இனிப்பு. மட்டம் மூத்தவாப்பாவின் மேல் கோட்டுக்கும் நான்கு விரல் மேலே நின்றது. எங்கள் பக்கத்தில் இருபது ஆண்டாக ஒருவரும் அள்ளவில்லை. இருபது மாரி இறங்கியிருக்கிறது. நாங்கள் இல்லாமல் போனது மண்ணுக்கு நல்லதாய்ப் போயிருந்தது. அந்த இனிப்பை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் கைவேலை. வீடு கட்டினோம். மோட்டார் பூட்டினோம், கூரையில் தாங்கி வைத்தோம், குளியலறைக்கு ஓடு பதித்தோம். அக்கம்பக்கத்திலும் அப்படியே. பட்டையால் அள்ளும்போது மேலே மிதப்பது மட்டும் வரும். மோட்டார் ஒரே புள்ளியில் உறிஞ்சும்போது அந்த இடத்தில் மட்டம் குழிந்து, அதற்கு நேர் கீழே உப்பு கூம்பு போல எழும்பும். 2017 கோடையில் தேநீர் திரிந்தது. உம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். இப்போது குடிக்க முருங்கன் குழாய் நீர். கிணறு குளிக்கவும் கழுவவும். பள்ளிவாசல் ஹவ்ழின் நீரும் வாய் கொப்பளிக்கையில் கரிக்கத் தொடங்கிவிட்டது.

தீவில் இன்று பேசப்படுவது கனிய மணல். மன்னார் மணலில் இல்மனைற் உண்டென்று அவுஸ்திரேலிய நிறுவனமொன்று பல ஆண்டுகளாகத் துளையிட்டு மாதிரி எடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மதத் தலைவர்களும் மீனவரும் மாணவரும் காற்றாலை விரிவாக்கத்தையும் இந்த அகழ்வையும் எதிர்த்து மன்னாரில் தெருவில் இறங்கினார்கள். 'கனியத்தை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி மணலைப் போட்டுவிடுவார்களே, என்ன நட்டம்?' என்று என்னிடம் படித்தவர்களே கேட்கிறார்கள். நான் 1க்கு 40 கணக்கைச் சொல்வேன். தீவின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் உயரம் மட்டுமே. நீர் மட்டம் அந்த உயரத்துக்குள்தான் தன் மேட்டைக் கட்ட வேண்டும். மணல்மேடு தாழ்ந்தால் நீர்மேடும் தாழும். ஒரு அடிக்கு நாற்பது அடி. மணலைத் திருப்பிக் கொட்டலாம். காற்றும் நீரும் அடுக்கிய ஒழுங்கில் கொட்ட எந்த இயந்திரமும் இல்லை.

ஆனால் அந்த ஊர்வலத்துக்குப் போய் வந்த அன்றைக்கும் என் வீட்டு மோட்டார் ஓடியது. மாரியில் முற்றத்தில் வெள்ளம் நின்றால் கடலுக்கு வாய்க்கால் வெட்டச் சொல்லிப் பிரதேச சபைக்கு மனுப் போடுகிறவர்களில் நானும் ஒருவன். வில்லைக்குப் போக வேண்டிய நீர் அது. காற்றாலைக்கான பாதைகள் வெள்ளத்தை மறிக்கின்றன என்று ஊரார் சொல்வதை நான் மறுக்கவில்லை. மறித்து ஓரிடத்தில் தேக்கினால் வீடு கெடும். அதற்காக முழுவதையும் கடலில் தள்ளுவதும் சரியாகுமா என்று கேட்டால், கூட்டத்தில் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

கிணறு வெட்டும் தம்பி ஒருவர் போன தையில் வந்தார். "நானா, இன்னும் ரெண்டு வளையம் இறக்குவம், நல்ல தண்ணி வரும்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு மோட்டாரின் உறிஞ்சுகுழாயை நான்கு அடி மேலே தூக்கிக் கட்டினேன். இரண்டு தாங்கி நிரப்பிய இடத்தில் இப்போது ஒன்றுதான் நிரம்பும். மருமகள் முகம் சுளிக்கிறாள். பிறகு உளியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். மாரி முடிந்து நின்ற மட்டம், மூத்தவாப்பாவின் மிகக் கீழான கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. எட்டாவது கீறலை அங்கே வெட்டினேன். முருகைக்கல் ஊறிப்போய் மெதுவாக இருந்தது. இரண்டு தட்டில் விழுந்துவிட்டது.